தமிழர் முகம் படாத ஏரிக்கரை

இயேசு மரி சூசை துணை

பியர்பொன்ட்ஸ், மொன்றியல்
13 நவம்பர் 2007, செவ்வாய்

என் அன்பு மகள் அஞ்சலீனாவுக்கு,

உனக்கும் மருமகனுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் மாதாவின் காவல் குறைவில்லாமல் இருக்கும் என்று நம்பிக்கொண்டு பேனையை எடுத்தேன், இங்கே எனக்கு உடம்பில் சொல்லும்படியாக ஒன்றும் இல்லை, இரத்த அழுத்தக் குளிசையை வைத்தியர் பாதியாகக் குறைத்திருக்கிறார், முழங்கால் மட்டும் குளிர் தொடங்கியதும் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. மெல்பேர்ணில் இருந்து நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. சின்னவன் முன்பல் விழுந்த வாயோடு நிற்பது உன் அப்பாவை அப்படியே உரித்து வைத்தது போல இருக்கிறது, ஆனால் பெரியவளின் பாவாடை முழங்காலுக்கு மேலே ஏறி நிற்கிறது, மடிப்புத் தையலை அவிழ்த்து ஓர் அங்குலம் இறக்கிவிடு. ஞாயிறு தோறும் ரெலிபோனில் கதைக்கிறோமே, பிறகு ஏன் அம்மா கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். ரெலிபோன் கூடத்தில் இருக்கிறது, உன் அண்ணன் நிஷான் எப்போதும் அதற்குப் பக்கத்தில் இருக்கிறான், நான் எழுதப்போவது அவனைப் பற்றியும் என்னைப் பற்றியும்.

நாங்கள் வீடு மாறுகிறோம் என்று மட்டும் உனக்குச் சொன்னேன். ஏரிக்கரையில் வீடு என்றதும் நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய், அம்மா இனி யன்னலைத் திறந்தால் தண்ணீர்தான் என்றாய். யன்னலைத் திறக்க முடியாது பிள்ளை, வருடத்தில் ஆறு மாதம் இரட்டைக் கண்ணாடி போட்டு இறுக்கியிருக்கும், தண்ணீரும் தண்ணீராக இராது. இடம் மொன்றியலுக்கு வடக்கே இரண்டு மணித்தியால ஓட்டம். ஒரு கோயில், டெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்று, பெற்றோல் ஊற்றும் இடம் ஒன்று, அதைச் சுற்றி மரம், மரத்துக்குள் ஏரி, ஏரியைச் சுற்றித் தள்ளித் தள்ளி வீடுகள். அவ்வளவுதான் ஊர். அந்தக் கோயிலிலும் இரண்டு கிழமைக்கு ஒரு முறைதான் பூசை, ஒரு சுவாமியார் ஐந்து பங்கைப் பார்க்கிறாராம். நிஷானின் வேலை இங்கேதான் இருக்கும், கிழமையில் மூன்று இரவு இங்கே நகருக்குள் வில்லரேயில் தன் சிநேகிதன் உருத்திரமூர்த்தியின் நிலக்கீழ் அறையில் தங்கிக்கொள்வேன் என்கிறான். அந்த மூன்று இரவும் நான் அங்கே தனியே.

இது எப்படித் தொடங்கியது என்று உனக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்று நானே மறைத்தேன். சஜிதா தன் தமக்கைக்குச் சுகமில்லை என்று உதவிக்கு ரொறன்ரோவுக்குப் போயிருக்கிறாள் என்று பங்குனி மாதம் உனக்குச் சொன்னேன். அது பொய். உன் அண்ணி இரண்டு பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டே போய்விட்டாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, வாசலில் குனிந்து சப்பாத்துப் போட்டபடி, மாமி, பதினொரு வருசமாய் நான் அடுக்கின கோப்பையை நீங்கள் திருப்பி அடுக்கினீங்கள், ஒரு நாளெண்டாலும் அப்பிடியே விட்டிருந்தால் நான் இருந்திருப்பன் என்றாள். கைப்பிடிகள் எல்லாம் ஒரு பக்கம் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவளுக்கு நான் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். நிஷான் காரில் அவளுடைய பெட்டியை ஏற்றிவிட்டு வந்து என் முன்னால் இருந்து சாப்பிட்டான், ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு ஆனி மாதம் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீரும் ரோல்ஸும் கொடுத்தார்கள். அன்றைக்கு வாசகம் வாசித்த றோஸ்மேரியின் மகளை நான் நாலு பேருக்கு முன்னால் திருத்தினேன், ழகரம் நாக்கில் வரவில்லை என்றால் வாசிக்க ஏறக்கூடாது என்று சொன்னேன், இன்றைக்கும் அது சரியென்றே சொல்வேன். றோஸ்மேரி சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள். ரீச்சர், உங்கட மருமகளை ரொறன்ரோவிலை ஒரு கலியாண வீட்டிலை கண்டனான், நல்லாய்ச் சதை போட்டு வெளிச்சமாய் இருக்கிறா, இஞ்சத்தைக் காத்துத்தான் அவவுக்கு ஒத்துவரேல்லைப் போல என்றாள். அதற்கு மேசையில் இருந்த அக்னெஸ், ரீச்சரும் ஒருக்கால் போய்ப் பாத்திட்டு வரலாமே, கோப்பை அடுக்கிக் குடுக்க ஆள் தேவைப்படும் என்றாள். அந்த மேசையில் இருந்த அத்தனை பேரும் குனிந்து ரோல்ஸைப் பார்த்தார்கள். கோப்பைக் கதை கோயில் முழுக்கத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கன்னியர் மடத்தில் படித்து, முப்பத்து நாலு வருடம் படிப்பித்து, உன் அப்பா பத்திநாதருடன் தலை நிமிர்ந்து நடந்தவள் நான். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும், இந்தப் பெரிய நாட்டில் தமிழர் முகம் படாத இடம் ஒன்று இல்லையா, இருந்தால் என்னை அங்கே கொண்டுபோய் விடு என்று நிஷானிடம் சொன்னேன். அடுத்த நாளே வீடு விற்பவர்களுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டான். கோபத்தில் சொன்னதை இவன் ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்வான் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் சிறுவயதிலேயே அப்படித்தானே வளர்த்தேன்.

புரட்டாதி, ஐப்பசி முழுக்கச் சனிக்கிழமைகளில் வீடு பார்த்தோம். வீடு காட்ட வந்த பெண் வாயில் எதையோ மென்றுகொண்டு என்னை மமி, மமி என்று பாட்டியைப் போலக் கூப்பிட்டாள், நான் மதாம் பத்திநாதர் என்று பிரெஞ்சில் திருத்திச் சொன்ன பிறகு மெல்லுவதை நிறுத்தினாள். மடத்தில் பிரெஞ்சுச் சகோதரி படிப்பித்தது அறுபது வருடம் கழித்து அதற்காவது உதவியது. முதல் வீடு மேலே, ஏரி கீழே, இடையில் அறுபத்திரண்டு படி. இரண்டாவது வேனிற் காலத்துக்கென்று கட்டிய பலகைக் கொட்டில், உள்ளே எலி மணம், கூடத்துச் சுவரில் மானின் தலை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அதைக் கழற்றிக்கொண்டு போவார்களா என்று கேட்டேன், அது வீட்டோடு சேர்த்தியாம். நிஷான் ஒவ்வொரு இடத்திலும் இறங்கியதும் செய்தது ஒன்றுதான், தெருவோரத் தபால்பெட்டிகளில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தான். வாசித்துவிட்டு வந்து, அம்மா, எங்கட ஆக்கள் ஒருதரும் இல்லை என்று நல்ல செய்தி கொண்டு வந்தவன் போலச் சொல்வான். எனக்கு அது நல்ல செய்தியாக இல்லை, ஆனாலும் நல்லது என்பேன்.

மூன்றாவது வீடு மதாம் திபோ என்ற விதவையுடையது, வயது என்னோடு ஒன்றுதான் இருக்கும். உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன். மெழுகு பூசிய தரை, கஞ்சி போட்ட யன்னல் சீலை, குசினியில் ஒரு துணிகூடக் கோணலாகத் தொங்கவில்லை. இந்த வருடம் மாகாணம் முழுக்க ஏரிகளில் வந்த அந்தப் பச்சைப் பாசி இங்கேயும் வந்து ஆவணியில் மூன்று கிழமை தண்ணீரில் கை வைக்கக்கூடாது என்று அறிவித்தார்களாம், அது பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது, நாங்கள் குளிக்கவே போறம், பாக்கத்தானே என்றான் நிஷான். அவனை வீடு காட்டிய பெண் நிலவறையில் சூடாக்கும் இயந்திரத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். மதாம் திபோ எனக்குக் கதிரை இழுத்துப் போட்டுக் கோப்பி தந்தாள், நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினாள், மெல்லச் சொல்லுங்கள் என்று ஒரு தடவைதான் கேட்க வேண்டியிருந்தது. இந்தக் கரையில் பதினொரு வீடு, நவம்பரில் கடைசிப் படகை இழுத்துக் கரையேற்றியதும் ஒன்பது வீட்டைப் பூட்டிவிடுவார்கள், சித்திரை வரைக்கும் வருகிற ஒரே ஆள் பனி தள்ளுகிறவன், அவனும் வண்டியைவிட்டு இறங்கமாட்டான் என்றாள். அவளும் கணவனும் சனத்தின் வாயிலிருந்து தப்பத்தான் இங்கே வந்தார்களாம், என்ன விஷயம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் இருந்தவரை அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது என்றாள். அவர் போன பிறகு ஒரு மாசி மாதம் தன் குரல் எப்படி இருக்கும் என்று சந்தேகம் வந்து, தபால்பெட்டி வரை நடந்து போய்த் தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாளாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து, உங்களுக்கு என்ன நடந்தது, நீங்கள் ஏன் இங்கே வருகிறீர்கள் என்று கேட்டாள். இங்கே காற்று நல்லது என்று பிழையில்லாத பிரெஞ்சில் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காரில் நிஷான் கேட்டான், அந்த மனிசி அவ்வளவு நேரம் உங்களோடை என்ன கதைச்சவ என்று. நல்ல வீடு என்று சொன்னாள் என்றேன். அப்ப உங்களுக்குப் பிடிச்சிருக்கோ என்றான். ஓம் என்றேன். அவன் வாயிலிருந்து, எனக்கு வேண்டாம் அம்மா, தூரம் என்று ஒரு சொல் வருமா என்று பெரும்பாதை முழுக்கக் காத்திருந்தேன், வந்திருந்தால் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தது போல நான் சரி என்றிருப்பேன், யாரும் தோற்றிருக்கமாட்டார்கள். அவன் வானொலியைப் போட்டான்.

இதோடு முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதியிருக்கமாட்டேன், என் தனிமை என் வாயால் வந்தது, நான் அனுபவித்துக்கொள்வேன். போன சனிக்கிழமை உருத்திரமூர்த்தி காலிப் பெட்டிகள் கொண்டு வந்தான். இருவரும் கராஜில் நின்றார்கள், நான் பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், கதவு சரியாகச் சாத்தவில்லை. உருத்திரமூர்த்தி, உனக்கு விசரே மச்சான், பனி காலத்திலை அந்தக் காட்டுக்கை இருந்து என்ன, மீனுக்கு விடுகதை சொல்லப் போறியோ என்று கேட்டுச் சிரித்தான். நிஷான் சிரிக்கவில்லை. எனக்கென்னடாப்பா அங்கை கிடக்கு, அம்மா கேட்டவ, அவ வாய் திறந்து என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை, இது ஒண்டுதான் என்றான். பிறகு சொன்னான், சஜி போன கிழமை எடுத்தவ, மொன்றியலுக்கு வந்து ஒருக்கால் இருந்து கதைப்பமோ எண்டு கேட்டவ, நான் வீடு மாறுறதைச் சொன்னன், அந்தக் காட்டுக்கு, அதுவும் மாமியோடை, நான் வரமாட்டன் நிஷான் எண்டு போனை வைச்சிட்டா என்று.

அஞ்சலீனா, நான் கையில் இருந்த தலையணை உறையை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன். உடனே போய், இந்த வீடு எனக்கு வேண்டாம், நீ சஜிதாவைக் கூப்பிடு என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு முதலில் வந்த நினைவு எது தெரியுமா, அவள் திரும்பி வந்தால் கோப்பை அலுமாரி யாருடைய கையில் இருக்கும் என்பது. ஆண்டவர் முன்னால் மறைக்க முடியாததை உன் முன்னால் மறைத்து என்ன. கதவைத் திறந்து கராஜுக்குள் போனேன், இருவரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள், தேத்தண்ணீர் போடவா என்று கேட்டேன். அதற்குப் பிறகு இரண்டு காலை அவன் வேலைக்குப் போகும் நேரம் ஐந்தரைக்கு எழுந்து குசினியில் போய் நின்றேன். இன்றைக்கு, நிஷான் என்று கூப்பிட்டும் விட்டேன். என்னம்மா என்று அவன் நின்றான், முகத்தைப் பார்த்தேன், இரண்டு மாதத்தில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு போ என்றேன். சுற்றிக்கொண்டு போனான். பாவசங்கீர்த்தனத்துக்கும் நான் போகவில்லை, சுவாமியார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், முதலில் மகனிடம் போய்ச் சொல் என்பார்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மதாம் திபோவின் வீட்டுப் பத்திரத்தில் ஒப்பமிட நொத்தாரிசிடம் போகிறோம். என் ஒப்பம் தேவையில்லையாம், நீங்கள் வந்து பக்கத்தில் இருந்தால் போதும் அம்மா என்கிறான். இந்தப் பியர்பொன்ட்ஸ் வீடு இன்னும் விலைபோகவில்லை, விற்பனைப் பலகையை முன் புல்லிலிருந்து பிடுங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும், அதற்கு ஒரு வசனம் போதும் என்று எனக்குத் தெரிகிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதைப் பார்த்துத்தான் கடிதமாக எழுதினேன், ரெலிபோனில் சொன்னால் அந்த நிமிடமே நீ அண்ணனுக்கு எடுத்துச் சொல்லி என் வேலையைச் செய்துவிடுவாய், நான் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன். நீ இதை வாசித்த பிறகும் அவனிடம் ஒன்றும் கேட்காதே, வீடு எப்படி, குளிர் எப்படி என்று மட்டும் கேள். உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், இத்தனை வருடம் சொன்னவற்றில் நீ தள்ளியது தள்ளியதாக இருக்கட்டும், இதை எடுத்துக்கொள். பெரியவளிடம் இந்தக் கிழமையே ஏதாவது சின்ன விஷயத்தில், அம்மா நான் சொன்னது பிழை என்று வாய் திறந்து சொல். பாவாடை விஷயத்திலேயே சொல். முதல் தடவை நாக்குத் தடுமாறும், பிறகு பழகிவிடும் என்று நினைக்கிறேன், எனக்குத் தெரியாது.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் தன் கைக்குள் வைத்துக் காப்பாராக, பிள்ளைகளின் நெற்றியில் எனக்காகச் சிலுவை போட்டுவிடு. புதிய முகவரியைத் தனித் துண்டில் தெளிவாக எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், தபால் குறியீட்டை இரண்டு தடவை சரிபார்த்தேன். நத்தார் அட்டையைப் பழைய முகவரிக்கு அனுப்பாதே.

என்றும் உன் அம்மா,
மேரி பிலோமினா பத்திநாதர்