மாணவர்கள் முன்னால் உன் அப்பா

என் செல்ல மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

உன் அப்பாவின் கூச்சம் உனக்குத் தெரியாததா? ஊர் ஆண்களின் இடுப்பையெல்லாம் அளந்து கால்சட்டை தைக்கிறவர், தனக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று என்னிடம் சொல்லவே மாதக்கணக்கில் ஆயிற்று. அதற்குள் புராஸ்டேட் புற்றுநோய் முற்றிவிட்டது. அதிலும் அபூர்வமான வகையாம். ரத்தப் பரிசோதனையில் இந்த நோய்க்கு ஏற வேண்டிய எண் ஏறாமல் நல்லபிள்ளை மாதிரி இருந்தது. சதையை எடுத்துப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது.

மருந்து ஏற்றுகிறார்கள். வாந்தி, அசதி எல்லாம் உண்டு. இளைத்துப்போன இடுப்புக்குத் தன் கால்சட்டையைத் தானே பிடித்துத் தைத்துக்கொண்டு, "துணி மிச்சம்டி" என்று கிண்டல் வேறு. கட்டி பாதியாகச் சுருங்கிவிட்டது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

போன வாரம் டாக்டரம்மா உன் அப்பாவிடம், தன் மருத்துவ மாணவர்கள் இந்த நோயைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார்கள், வந்து பேசுவீர்களா என்று கேட்டார். இவராவது போவதாவது என்று நினைத்தேன். மனுஷர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்! கூடம் நிறையப் பிள்ளைகள். எங்கே எரிந்தது, எப்படி அடைத்தது, ஏன் மறைத்தார், ஒன்று விடாமல் சொன்னார். "வெக்கப்பட்டே கெட்டேன். உங்ககிட்ட வர்ற ஆம்பளைங்கள நீங்களே தோண்டிக் கேளுங்க" என்றார். கடைசி வரிசையில் இருந்த எனக்கு, இவரா என் புருஷன் என்று இருந்தது.

ஒரு பெண் எழுந்து, இப்படிப்பட்டவர்கள் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தயங்கினார். அப்பாதான், "சொல்லுங்கம்மா, எனக்குத் தெரியும். பின்னாடி என் வீட்டுக்காரி இருக்கா. அவகிட்ட சொல்ல எனக்குத்தான் வாய் வரல" என்றார். மருந்துக்கு முதலில் சுருங்கும், ஆனால் சீக்கிரமே திரும்பிவிடும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருஷத்தை ஒட்டித்தான், சிலர் தாண்டியும் இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. அந்தப் பெண் அழுதேவிட்டாள். "நல்ல கேள்விம்மா, இதைக் கேக்கத்தான் எல்லாரும் பயப்படறோம்" என்று அப்பா அவளைத் தேற்றினார். நானும் அழுதேன்டா. ஆனால் அன்றைக்குப் போல என்றைக்கும் நான் பெருமைப்பட்டதில்லை.

நீ அச்சு அசல் உன் அப்பா. நாற்பதைத் தாண்டிவிட்டாய். கூச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு டாக்டரிடம் போய், அப்பாவுக்கு இப்படி என்று சொல்லிப் பரிசோதித்துக்கொள். மருமகளிடமும் எதையும் மறைக்காதே.

அடுத்த வருஷம் விடுமுறைக்கு வருவதாகச் சொன்னாய். அடுத்த வருஷம் வேண்டாம், கண்ணா.

நூறு வயசு நன்றாக இரு.

அம்மா