பைத்தியத்துக்கு வேர் தேடிய நாட்கள்

மார்ச் 3, செவ்வாய்

அகராதி அலுவலகத்தில் இன்று என் தலையில் விழுந்தது பைத்தியம். ஆங்கிலத்தில் அதற்கு எத்தனை சொல் உண்டோ அத்தனைக்கும் பொருளும் வேரும் நான் எழுத வேண்டுமாம். ஏன் எனக்கு என்று கேட்டேன். ஆசிரியர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 4, புதன்

லூனடிக் — வேர் லத்தீன் நிலா. நிலாதான் புத்தியை ஆட்டிவைக்கிறது என்று நம்பியிருக்கிறார்கள். கிரேஸி என்றால் முதலில் விரிசல் விட்டது. குளியலறையில் உரக்கச் சொல்லிப் பார்த்தேன். மனைவி கதவைத் தட்டினாள்.

மார்ச் 6, வெள்ளி

டெலிரியம்! உழும்போது ஏர் உழவுக்கோட்டை விட்டு விலகுவதுதான் வேர். கூடத்தில் நாற்காலியைப் பிடித்து நேராக உழுது, சட்டென்று விலகி, "புத்தி போச்சு!" என்று மனைவிக்கு நடித்துக் காட்டினேன். அவள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாளாம். எனக்கென்ன தெரியும்?

மாமியார் மட்டும்தான் பேசுவார், அதுவும் மாமனாருக்குத் தெரியாமல். எங்கள் காதல் கல்யாணத்திலிருந்து மாமனார் இந்த வாசலை மிதித்ததில்லை. நான் அகராதி பிடித்தவனாம். வேலையே அதுதானே ஐயா.

மார்ச் 7, சனி

காலையில் கதவைத் திறந்தால் மாமனாரும் மாமியாரும், பெட்டியோடு. மாமனார் என் கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். இன்று என்ன கிழமை என்றார். பதற்றத்தில் வெள்ளி என்றேன். சோலி முடிந்தது.

மகளை அழைத்துப்போக வந்திருக்கிறார்கள். போயிடுவாளா? போனால் நான் என்ன செய்வேன்?

அவள் அசையவில்லை. "பைத்தியமா இருந்தாலும் நான் இவரோடதான் இருப்பேன்" என்றாள்.

கண் கலங்கியது. ஆனால் அந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் மறுத்திருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

எழுதிய தாள்களை எல்லாம் மாமனார் முன்னால் பரப்பினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

"கிரேஸிக்குப் 'பித்துப்பிடித்த'ன்னு போட்டா யாருக்குப் புரியும்? 'கிறுக்கு'ன்னு போடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை!

மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. மறை கழன்றது என்பதுதான் சரியாம். சாப்பாட்டு மேசையிலும் சண்டை ஓயவில்லை. நானும் மனைவியும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம், சத்தம் வராமல் சிரித்துக்கொண்டு.

மார்ச் 14, சனி

ஊருக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். "மேனியாவுக்கே இன்னும் வரலையே" என்றபடி மாமனார் தன் நாற்காலியை என் மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.