ஏலத்தில் எடுத்த கூடை

2 மார்ச் 1936
ஆராய்ச்சிக்கென்று வாங்கிய ஏட்டில் சொந்தக் கதை எழுதுவது தப்புதான். வேறு ஏடு இல்லை, மன்னிக்கவும்.

பாரிசிலிருந்து வந்திருக்கும் மதாம் எனக்குச் சமூக சாஸ்திரம் கற்றுக்கொடுக்கிறார். குருசுக்குப்பத்து மீன்காரப் பெண்களின் பிழைப்பைப் பற்றி ஈஸ்டருக்குள் எழுதிக் கொடுத்தால், டாக்டர் பட்டத்துக்குத் தம்மிடம் சேர்த்துக்கொள்வாராம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். அவர் கொடுத்த கேள்விகள் தயார். கேட்கத்தான் வாய் வரவில்லை.

4 மார்ச்
இன்றும் கரையில் நின்றேன். நான் போனாலே பேச்சு நின்றுவிடுகிறது.

5 மார்ச்
காரணம் தெரிந்தது. ஏலத்தில் வாய் திறக்காமல் நிற்பவர்கள் வியாபாரிகளின் ஆட்களாம். "யாருக்கு வேவு பாக்குற?" என்று அஞ்சலாட்சி என்ற மீன்காரி நேராகவே கேட்டாள். ஏட்டை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சீ, என்ன பிறவி நான்?

6 மார்ச், வெள்ளி
ஏலம் கூறும் கோவிந்தராசு என்னைப் பார்த்தார். மரியாதைக்குத் தலையசைத்தேன். ஒரு கூடை மத்தி என் பேரில் முடிந்துவிட்டது. அங்கே தலையசைத்தால் விலைக்குச் சம்மதமாம். கரையே சிரித்தது.

"வேவு பாக்க வந்தவ இப்பிடியா மாட்டிக்குவா?" என்றாள் அஞ்சலாட்சி. "எடுத்தத வித்துதான் ஆவணும். வா, கூட வரேன்."

"எங்க தெருவுக்குப் போலாங்க்கா. தவக்காலத்து வெள்ளி, யாரும் கறி எடுக்க மாட்டாங்க, மீன்தான் வாங்குவாங்க."

"அது மணியம்மா தெரு. அவள ஒரு வார்த்த கேக்காம நொழயக் கூடாது."

தெருவுக்குத் தெரு, அங்கே மீன் விற்க ஓர் உரிமைக்காரி உண்டாம்! கேட்டுவிட்டு வந்த பிறகே கூடையைத் தூக்கினோம். வழியெல்லாம் கேள்வி அவளுடையது. "கல்யாணம் ஆவலியா? இவ்ளோ படிச்சு இன்னா பண்ணப் போற?" எல்லாம் சொன்னேன். பிறகு அவளாகவே தன் கதையை ஆரம்பித்தாள்.

எங்கள் வீட்டுக் கதவையும் தட்டினாள். அம்மா கூடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதுக்காடி படிச்ச?" எனக்குத் தலை நிமிரவில்லை. அம்மாவோ உட்கார்ந்து செவுளைத் திறந்து பார்த்தாள். "வெல கொறச்சுக் குடும்மா."

"ஒம் பொண்ணு ஏத்துன வெல. நான் எப்பிடி கொறைக்கறது?"

அம்மா சிரித்துவிட்டாள்.

11 மார்ச்
எழுத எழுத வருகிறது. இப்போது கரையில் எனக்கும் உட்கார இடம் விடுகிறார்கள்.

19 மார்ச்
மதாம் படித்தார். தெரு உரிமைப் பகுதியைத் திரும்பவும் படித்தார். சேர்த்துக்கொண்டார்.

20 மார்ச், வெள்ளி
கரைக்குப் போய்ச் சொன்னேன். "அப்ப இனிமே வர மாட்ட," என்று அஞ்சலாட்சி அக்கா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். மதாம் கொடுத்த கேள்விகள் தீர்ந்துவிட்டன. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த என் கேள்வியைக் கேட்டேன்.

"நானும் கூட வரட்டுமாக்கா?"