சுவுக்கும் சூவுக்கும் நடுவே

மார்ச் 4

மருத்துவமனைச் சலவைக்கூடத்தின் பெரிய இயந்திரங்களுக்கு நான் உருவாக்கும் கட்டளை மொழி இன்று இன்னும் இளைத்தது. ‘சூடாக்கு’ இனி ‘சூ’. ‘சுழற்று’ இனி ‘சு’. ஒன்பது வரி வேலை ஒரே வரியில் அடங்கிவிட்டது. என்னை நானே மெச்சிக்கொண்டேன் — வேறு யார் மெச்சப்போகிறார்கள்?

மார்ச் 6

சலவைக்கூடத்துக்குப் பொறுப்பான அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“என்னம்மா இது, சு, சூன்னு... குழந்தைய ஒண்ணுக்குப் போக வைக்கிற மாதிரி?”

கூடமே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீடு வந்து சேரும்வரை எரிச்சல்.

மார்ச் 7

அவங்களுக்கு என்ன தெரியும்?

மார்ச் 13

கம்பளிப் போர்வைகள் நாற்பதும் சுருங்கிவிட்டன. ஒவ்வொன்றும் கைக்குழந்தைக்குத்தான் காணும். ‘சு 60’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘சூ 60’. அறுபது நிமிடம் மெதுவாகச் சுழலவேண்டியவை அறுபது டிகிரியில் வெந்திருக்கின்றன. மேலாளர் அக்காவிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்துவிட்டார்.

“படிச்சுப் பாத்துட்டுத்தான்மா பட்டனை அமுக்கினேன். ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது” என்றார் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

மாலையில் கட்டளைப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான்.

சொல்லித்தான் ஆகணும். எப்படிச் சொல்றது — சுருக்கமாவா?

மார்ச் 14

சொல்லிவிட்டேன். மேலாளர், அக்காவுக்குக் கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு எனக்கு ஒன்று எழுதினார். இரண்டு பக்கம். ஒரு சொல்லைக்கூடச் சுருக்கவில்லை.

அக்கா டீ வாங்கிக் கொடுத்தார். “நீ ஒரு தடவ எழுதிட்டுப் போயிடற. நாங்க தினமும் படிக்கணும்ல?”

மார்ச் 20

இந்த முறை முழுசாக எழுதிக்கொண்டுபோனேன்: ‘தண்ணீரை நாற்பது டிகிரி வரை சூடாக்கத் தொடங்கவும்.’

“இதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள துணி தானா காஞ்சிடும்” என்றார் அக்கா.

இருவரும் பேனாவோடு உட்கார்ந்தோம். ‘தொடங்கவும்’ போனது. ‘தண்ணீரை’ போனது. ‘சூடாக்கு’வில் நான் கைவைக்கப் போனதும் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 8

மூன்றாம் இயந்திரத்தின் திரையில் நான் எழுதாத கட்டளைகள்:

திரைச்சீலை
சூடாக்கு 40 டிகிரி
சுழற்று 10 நிமிடம்
பிழியாதே

அக்கா தானே எழுதியிருக்கிறார். ‘பிழியாதே’ என்று ஒரு கட்டளை என் மொழியில் கிடையாது. இயந்திரம் புரியாமல் நின்றிருந்தது.

எனக்குப் புரிந்தது. பிற்பகலில் சேர்த்துவிட்டேன்.