உப்பளக் கரையில் கிடைத்த மண்டையோடும், வெட்டப்படும் கரையும்

அனுப்புநர்
ஆ. செந்தமிழ் (வயது 33),
த/பெ ஆதிமூலம்,
உப்பளத் தொழிலாளர் குடியிருப்பு,
மரக்காணம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விழுப்புரம்.

பொருள்: மரக்காணம் உப்பளக் கரையில் கிடைத்த புதைபடிவ மண்டையோடு எடுத்துச் செல்லப்பட்டது – மேலும் தேடிக் கரையை இயந்திரத்தால் வெட்டுவது – தடுக்கப்போன என் தந்தை தலையில் அடிபட்டுக் கிடப்பது – மழைக்கு முன் கரையை அடைத்து, உரிய விசாரணை நடத்தக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் புதுச்சேரி சாலையில் உள்ள தனியார் ஸ்கேன் மையம் ஒன்றில் பதினொரு ஆண்டுகளாக சி.டி. ஸ்கேன் எடுக்கும் பணியில் இருக்கிறேன். என் தந்தை ஆதிமூலம் உப்பளத் தொழிலாளி. உப்பு வாரும் வேலையோடு, கழுவெளி உப்பங்கழியின் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் பெரிய கரையைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்பு. எங்கள் நாற்பத்து மூன்று வீடுகளும் அந்தக் கரைக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

2. கடந்த மே மாத இறுதியில், சரிந்திருந்த கரைக்கற்களை எடுத்து அடுக்கும்போது, ஒரு கல்லின் பிளவில் வரிசையாகப் பற்கள் இருப்பதை அப்பா பார்த்தார். அந்தக் கற்கள் பல ஆண்டுகளுக்கு முன் மேற்கே ஏதோ ஒரு பள்ளத்திலிருந்து லாரியில் கொண்டுவந்து கொட்டப்பட்டவை. அப்பா கைபேசியில் எடுத்த படம் கைமாறிப் போய், நான்காம் நாள் புருஷோத்தமன் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் காரில் வந்தார். ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் அடையாள அட்டையைக் காட்டினார். நம் பகுதி கடலாக இருந்த காலத்தில் நீந்தித் திரிந்த ஊர்வன இனம் ஒன்றின் தலை அது என்றார். கல்லை உடைத்தால் உள்ளே இருப்பது நொறுங்கிவிடும், ஸ்கேன் எடுத்தால் உடைக்காமலே பார்க்கலாம் என்றார். என் வேலை என்னவென்று தெரிந்துகொண்டுதான் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார் என்பது இப்போது புரிகிறது.

3. இதில் என் பங்கை மறைக்க விரும்பவில்லை. மைய உரிமையாளரிடம் அனுமதி பெற்று, 15.06.2025 ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்கேன் எடுத்தேன். கல்லின் அடர்த்தியால் மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை திரையில் படம் தெளிந்தது. கண்குழி, அதைச் சுற்றி வளையமாக அடுக்கிய மெல்லிய எலும்புத் தகடுகள், தாடைக்குள் இன்னும் முளைக்காத பற்கள், உள்காதின் வளைந்த குழாய்கள் எல்லாம் இருந்தன. ஆயிரக்கணக்கான மனிதத் தலைகளைப் பார்த்த நான், அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பார்த்தேன். என் அப்பா கண்டெடுத்தது இது என்று பெருமையாக இருந்தது. புருஷோத்தமன் பெருமைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் அப்பாவிடம், "இந்த மாதிரி கல்லு இன்னும் எவ்ளோ கொட்டியிருக்குது?" என்று மட்டும் கேட்டார். அப்பா கரையின் நீளத்தைக் கைகாட்டிச் சொன்னார்.

4. மண்டையோட்டை அன்றே புருஷோத்தமன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ரசீது கேட்டதற்கு நிறுவனம் அனுப்பும் என்றார். படங்களைக் கணினியிலிருந்து அழித்துவிடும்படி சொன்னார், நானும் அழித்தேன். ஆனால் எங்கள் இயந்திரம் எடுக்கும் எல்லாப் படங்களும் தானாக வேறோர் இடத்திலும் சேமிக்கப்படும். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியாது. ஜூலையில் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் பெயரில் இங்கு யாரும் பணியில் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது.

5. ஆகஸ்டு இறுதியில் ஜே.சி.பி. இயந்திரத்துடன் ஆறு பேர் வந்து, பராமரிப்புப் பணி என்று கூறிக் கரையை வெட்டத் தொடங்கினர். வெட்டிய மண்ணைத் திரும்பக் கொட்டவில்லை. கற்களைக் கழுவிப் பார்த்து, சிலவற்றைச் சாக்கில் சுற்றி லாரியில் ஏற்றினர். அப்பா தினமும் போய் நின்று, "கரைய வெட்டிட்டா மழைக்கு என்னா பண்றது? பின்னாடி ஜனம் இருக்குது" என்று கேட்டிருக்கிறார். அவர்கள் கோபப்படவில்லையாம். நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்களாம். அதுதான் பயமாயிருக்கிறது என்று அப்பா என்னிடம் சொன்னார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

6. 18.09.2025 அன்று பிற்பகல், அனுமந்தையிலிருந்து வலையோடு வந்த மோகன் என்ற மீனவர், வெட்டிய பள்ளத்தில் அப்பா குப்புறக் கிடப்பதைப் பார்த்துத் தூக்கி வந்தார். மருத்துவமனையிலிருந்து ஸ்கேன் எடுக்க அவரை எங்கள் மையத்துக்குத்தான் அனுப்பினார்கள். வேறு ஆள் இல்லாததால் நானே எடுத்தேன். குப்புற விழுந்தவருக்குப் பின்மண்டையில் முறிவு. முகத்திலோ உள்ளங்கையிலோ ஒரு சிராய்ப்புகூட இல்லை. நான் மருத்துவர் இல்லை. இதற்கு என்ன பொருள் என்று சொல்லும் தகுதியும் எனக்கில்லை. தவறி விழுந்ததாகப் பதிவாகியுள்ளது. தகுதியுள்ள ஒருவர் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன். அப்பா கண் திறக்கிறார். எங்களைத் தெரியவில்லை.

7. அடுத்த வாரம் மையத்தில் படங்கள் தானாகச் சேமிக்கப்படும் கணினிப் பெட்டி காணாமல் போனது. வேறு எதுவும் திருடு போகவில்லை. அதற்கு முன்பே நான் கல்லுடையது, அப்பாவுடையது ஆகிய இரண்டு ஸ்கேன்களையும் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தேன். இது யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். 02.10.2025 அன்று எனக்கு ஓர் அழைப்பு வந்தது. "அப்பாவோட படத்த நீங்களே வச்சிக்கங்கம்மா. அந்தக் கல்லோடது மட்டும் குடுத்துடுங்க. உடம்ப பாத்துக்கங்க" என்று மரியாதையாகப் பேசி வைத்துவிட்டார்கள். என் அம்மா சின்னப்பாப்பா, "குடுத்துத் தொல. வாய மூடிக்கினு இருக்கலாம்" என்கிறார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

8. கரை இப்போது நாற்பது அடி நீளத்துக்கு மேல் வெட்டப்பட்டுள்ளது. சென்ற பௌர்ணமியன்று மழையே இல்லாமல், அலையேற்றத்தில் மட்டும் தண்ணீர் எங்கள் முதல் வரிசை வீடுகளின் வாசற்படியைத் தொட்டது. தீபாவளியை ஒட்டி அமாவாசை வருகிறது. மழையும் தொடங்கப்போகிறது. குடியிருப்பில் நடக்க முடியாதவர்கள், என் தந்தையைச் சேர்க்காமலே, ஆறு பேர்.

ஆகவே, முதலில் அந்த இயந்திரத்தை நிறுத்தி, அமாவாசைக்கு முன் கரையை அடைக்க உத்தரவிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். என் தந்தைக்கு நேர்ந்ததை மறுபடி விசாரிக்க வேண்டும். மண்டையோடு எங்கே போனது என்று கண்டறிந்து, அரசு அருங்காட்சியகம் ஒன்றில் சேர்க்க வேண்டும். அதில் எங்களுக்கு எந்த உரிமையும் வேண்டாம்.

டிஸ்க்கின் ஒரு பிரதியை இத்துடன் இணைத்துள்ளேன். மற்ற பிரதிகள் எங்கே இருக்கின்றன என்பதை இதில் எழுதவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டேன்; மேலே கண்ட முகவரியில் பூட்டு தொங்கும் என்பதால், பதிலை அங்கே அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் குறைதீர் கூட்டத்துக்கு நானே வந்து வரிசையில் நிற்பேன். ஏதேனும் ஒரு திங்கட்கிழமை நான் வரவில்லை என்றால், மனு முடிந்துவிட்டதாகக் கொள்ளாமல், என்னைத் தேடச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
ஆ. செந்தமிழ்

இடம்: விழுப்புரம்
நாள்: 13.10.2025

இணைப்பு: டிஸ்க் – 1; நிறுவனத்தின் பதில் கடித நகல் – 1; கரையின் புகைப்படங்கள் – 6.