பதினேழாம் வளைவில் அருவி இல்லை

மலைப்பாதை விடுதி, மாடி அறை
செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள ரேடியோவுக்கு,

இந்தப் பெயர் உனக்குப் பிடிக்காது. முப்பத்தொரு வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மூட்டு வலி எப்படி இருக்கிறது? உன் தங்கை வீட்டில் மாடிப்படி செங்குத்து, பார்த்து இறங்கு. நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன்.

நான் இப்போது நம் மலைப்பாதையில் இருக்கிறேன். உன் அண்ணன் வீட்டுக்கு வருஷா வருஷம் போவோமே, அதே பாதைதான். பிரேக்கைச் சரிபார்த்துக்கொண்டு ஞாயிறு காலை தனியாகக் கிளம்பினேன். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் ஏறிவிடும் பாதை. இன்றோடு மூன்று நாள் ஆகிறது, பாதியைத்தான் தொட்டிருக்கிறேன். நீ நம்பமாட்டாய். பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக உட்கார்ந்து, இரண்டு நிமிடத் தாமதத்துக்கு டிரைவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியவன், இங்கே ஒவ்வொரு வளைவிலும் காரை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கிறேன். பின்னால் வருகிறவர்கள் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

உண்மையைச் சொன்னால் இந்த மலையை நான் பார்த்ததே இல்லை. என் கண் சாலையிலும் கைக்கடிகாரத்திலும்தான் இருந்தது. நீதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வருவாய். பதினேழாம் வளைவில் அருவி விழுகிறது, வெள்ளை வெளேரென்று. அடுத்த வளைவில் பள்ளத்துக்குள் சிவப்பு ஓட்டு வீடு, வாசலில் ஒருத்தி துணி காயப்போடுகிறாள். மறு வருடம் அவள் இடுப்பில் குழந்தை. பிறகு அது பள்ளிக்கூடம் போயிற்று. எல்லாவற்றுக்கும் நான் "ம்" போடுவேன். வண்டி ஓட்டுகிறவன் அதற்கு மேல் என்ன பேசுவது என்று நினைத்தேன்.

நேற்றுப் பதினேழாம் வளைவில் இறங்கினேன். அருவி இல்லை, மொட்டைப் பாறைதான் இருந்தது. வெயில் காலம், வற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவில் வீடும் இல்லை. ஆடு நிற்கக்கூட இடமில்லாத சரிவு அது. திரும்பக் கீழே போய் வளைவுகளை மறுபடி எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கையில் நான் தவறுகிறவன் இல்லை. கடைசியில் பாதையோரம் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவிடம் விசாரித்தேன். இருபத்தாறு வருடமாக அங்கேயே கடை போட்டிருக்கிறாராம். "இந்தப் பக்கம் அருவியும் கெடையாது, வீடும் கெடையாதுங்க. யாரோ உங்ககிட்ட நல்லா கதை விட்டிருக்காங்க," என்று சிரித்தார். டீ ஆறிப்போகும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது, என் குணம் உனக்குத் தெரியுமே. இத்தனை வருடம் என் காதில் பூச்சுற்றியிருக்கிறாய். பிறகுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் அருவித் தண்ணீர் நீலமாக விழுகிறது என்றாய். இன்னொரு வருடம் அந்த வீட்டுக் கூரை மேல் யானை நிற்கிறது என்றாய். யானைக்கும் நான் "ம்" தான் போட்டேன். எங்கே பார்ப்போம் என்று ஒரே ஒரு தடவை வண்டியை நிறுத்தியிருந்தால் உன் குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் பிடித்துவிட மாட்டேனா என்றுதான் நீ சொல்லிப் பார்த்திருக்கிறாய். வருடத்துக்கு வருடம் பொய்யைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாய்.

எட்டு மாதத்துக்கு முன் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, இனி என்னால் தனியாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது என்றாய். சண்டையா சச்சரவா, என்ன குறை வைத்தேன் என்று மகளிடம் புலம்பினேன். அம்மாவையே கேளுங்கள் என்றாள். நான் கேட்கவில்லை.

வீடு வீடாக இல்லை. டிவியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன், யாராவது பேசுவது காதில் விழட்டும் என்று. காரில் உன் இருக்கை காலியாக இருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் என் பையைத் தூக்கி அங்கே வைத்திருக்கிறேன். இன்று காலை இருபத்திரண்டாம் வளைவில் மேகம் விலகி, பள்ளத்தாக்கு முழுக்க வெயில் இறங்கியது. அதோ பார் என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். "ம்" போடக்கூட ஆள் இல்லை. அங்கேயே அழுதுவிட்டேன்.

போனில் இதையெல்லாம் என்னால் சொல்ல முடியாது, நாக்கு எழும்பாது. அதனால்தான் கடிதம். பத்து நாளைக்கு அறை எடுத்திருக்கிறேன். மேலே இன்னும் இருபத்திரண்டு வளைவு இருக்கிறது, நான் மட்டும் போய்ப் பார்க்க மனமில்லை. அடிவாரத்துக்குக் காலை பஸ் பத்தேகாலுக்கு வருகிறது. தினமும் இறங்கி வந்து நிற்பேன். பஸ் தாமதமானால் யாரையும் திட்டமாட்டேன்.

வரப் பிடிக்கவில்லையென்றால் கட்டாயமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்குப் பதில் போடு. உன் தங்கை வீட்டில் நீ படுக்கும் அறையில் ஜன்னல் இருக்கிறதா? அதன் வழியாக என்ன தெரிகிறது? நிஜமோ பொய்யோ, உன் இஷ்டம். கொஞ்சம் விரிவாக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்