குடிக்காதவளின் ஈரல்

அக்கா,

பக்கத்து வீட்டுக்காரர் காலையிலிருந்து இரும்புக் கேட்டுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறார். தின்னர் வாசம் சன்னல் வழியாக அடுப்படி வரை வந்துவிட்டது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தப் போனாள். இருக்கட்டும் என்றேன். ஈப்போவில் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க என் சேலையிலும் தலைமுடியிலும் ஏறக்குறைய இதே வாசம்தான். பீடோர்ப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து என்னைப் பார்க்க வரும்போதெல்லாம், "என்னடி, பெயிண்டு கடைக்காரி மாதிரி நாறுற" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவாய்.

உனக்கு எழுத இன்று வேறொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதை எழுத எனக்குக் கை வராது.

எழுபதுகளின் பின்பாதி அது. நீ தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தாய். விலாவுக்குக் கீழே வலப்பக்கம் பாரமாக இருக்கிறது, ஏணியைத் தூக்கினால் மூச்சு முட்டுகிறது என்றாய். தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் வீங்கியிருக்கிறது என்று ஈப்போவுக்கு அனுப்பினார். சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்கு ஓடி வந்தேன். நீ கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரியின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாய். டாக்டர் வந்து போய்விட்டார் என்றாய். தமிழ் தெரியாத டாக்டர். தாதி ஒருத்திதான் நடுவில் நின்று பேசியிருக்கிறாள்.

"குடிப்பீங்களான்னு கேட்டாங்கடி. உள்ளத சொன்னேன். புள்ள பெத்தப்பல்லாம் மாமியா முட்டையில பிராந்தி ஊத்திக் குடுத்தாங்க, குடிச்சேன்னு சொன்னேன்."

நம் வீடுகளில் அதைக் குடி என்று யார் சொல்வார்கள்? பிள்ளை பெற்றவளின் அறையில் இஞ்சி, பூண்டு, நல்லெண்ணெயோடு பிராந்தி போத்தலும் ஒரு மருந்தாக நிற்கும். நாற்பது நாள் கழிந்ததும் மிச்சத்தை மாமா எடுத்துக்கொள்வார். வேறு எவளாக இருந்தாலும் டாக்டர் கேட்ட கேள்விக்கு இல்லை என்று தலையாட்டியிருப்பாள். உனக்குப் பொய் வராது. சின்ன வயதில் நம் இருவருக்கும் சேர்த்து அடி வாங்கித் தந்ததே உன் அந்த வாய்தான்.

தாதிக்கு அவசரம். முட்டையும் மாமியாரும் பிள்ளைப்பேறும் வழியில் எங்கோ கழன்று விழ, டாக்டரின் காதுக்குப் பிராந்தி மட்டும் போய்ச் சேர்ந்தது. நான் அவளைத் தேடிப் பிடித்து விளக்கினேன். "எல்லா வீட்டு ஆளுங்களும் இப்படித்தான் சொல்லுவாங்க லா, தங்கச்சி," என்றாள், கோபமில்லாமல். டாக்டரிடமும் போனேன். அவரும் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. தோட்டம், தமிழர், ஈரல். மூன்றையும் சேர்த்தால் கள்ளு அல்லது சம்சுச் சாராயம் என்பது அவருக்கு முன்பே தெரிந்த விடை. அன்று சாயங்காலம் மாமாவிடம், உன் பெண்சாதி சாராயத்தை நிறுத்தாவிட்டால் செத்துப்போவாள் என்று மலாயில் சொன்னார். மாமா பவ்வியமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவரிடமிருந்து கள்ளு வாடை என் வரைக்கும் அடித்தது.

ஊசி போட்டு உன் ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். மீகூன் சேமியா இழை போல இருக்கும், அவ்வளவுதான். அது போத்தலில் உன் பெயரோடு என் மேசைக்கு வந்தது. என்னோடு வேலை பார்த்த சீனத்தி அக்கா பெயரைப் பார்த்துவிட்டு, "நீ வெளியே போ, நான் செய்றேன்" என்றாள். பரவாயில்லை என்றேன். உண்மையிலேயே எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அக்கா. கண் கலங்கவில்லை. அன்றைக்கு உள்ளே ஏதோ மரத்துப்போனது. இன்றுவரை அது முழுதாகத் தெளியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

துணுக்கை முதலில் ஆல்கஹாலில் முக்கித் தண்ணீரை எடுக்க வேண்டும். பிறகு தின்னர் மாதிரி வாசமடிக்கும் திரவம். பிறகு மெழுகு. அதற்கப்புறம்தான் மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் போடுவோம். இதை உன்னிடம் சொன்னபோது நீ கண்ணை அகல விரித்தாய்.

"என்னது, சாராயத்துல ஊற வச்சீங்களா?"

"அந்த மாதிரிதான் அக்கா. ஆஸ்பத்திரி ஸ்பிரிட்டு."

"பாத்தியா! நான் குடிக்கலடி. நீங்கதான் என் ஈரலுக்கு ஊத்திக் குடுத்திருக்கீங்க!"

வார்டே சிரித்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கிழவிகூடச் சிரித்தாள். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்குதுடி வலிக்குதுடி என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அப்படி நீ சிரித்ததை அதன் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்தக் கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து நான் பார்த்ததை அன்று உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. உனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். ஈரலின் ஒவ்வொரு செல்லிலும் நடுவில் நீலமாக ஒரு கரு இருக்கும். உன் செல்களில் அந்தக் கருவைச் சுற்றிப் பொடிப்பொடியாக வெள்ளை வட்டங்கள். கொழுப்புத் துளிகள். துளிகள் என்றுகூடச் சொல்லக்கூடாது, துளிகள் இருந்த இடம். நாங்கள் முக்கிய ஆல்கஹாலிலும் மற்றதிலும் கொழுப்பு கரைந்து போய்விடும். மிஞ்சுவது ஓட்டைதான். உடம்பு அனுப்புகிற கொழுப்பை ஈரலால் வெளியே தள்ள முடியாதபோது அது இப்படிச் சொட்டுச் சொட்டாக உள்ளேயே தங்கிவிடுகிறது. மீன் குழம்பு ஆறும்போது மேலே மிதக்கும் சின்னச் சின்ன எண்ணெய்ச் சொட்டுகள் பக்கத்துச் சொட்டோடு சேர்ந்து பெரிதாகுமே, அந்த மாதிரி ஒன்றிரண்டு செல்களில் துளிகள் சேர ஆரம்பித்திருந்தன. மற்றவை பொடியாகவே இருந்தன. அந்த நிலையில் காரணத்தைக் கண்டுபிடித்து நிறுத்தினால் துளிகள் சுருங்கி இல்லாமலே போய்விடும். ஈரல் பழையபடி ஆகிவிடும்.

கண்ணாடியைப் படிக்கிற பெரிய டாக்டரிடம் கேட்டேன், இது குடியால் வந்ததா, வேறு எதனாலா என்று சொல்ல முடியுமா ஐயா என்று. அவர் நல்ல மனிதர். எனக்காக மறுபடியும் குனிந்து பார்த்தார். முடியாது என்றார். எதனால் வந்தாலும் துளி ஒரே மாதிரிதான் இருக்கும், நோயாளிதான் சொல்ல வேண்டும் என்றார். நோயாளி சொல்லியாயிற்று, ஐயா. அதுதான் வினை.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "நீதானே பாத்த? உள்ள சாராயம் இருந்துச்சா?"

"நான் சாராயத்தப் பாக்கல அக்கா."

உனக்கு அது போதுமானதாக இருந்தது. லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனாய். "எந்தங்கச்சி கண்ணாடியில பாத்துட்டா. சாராயம் இல்லையாம்." தங்கச்சி வேறு எப்படிச் சொல்வாள் என்று உன் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். மாமாவுக்கோ கொண்டாட்டம். அத்தனை வருஷமாக நீ அவரைத் திட்டிய திட்டெல்லாம் ஒரே நாளில் வாயடைத்துப் போயிற்று. "நீ மட்டும் யோக்கியமா?" என்று ஒரே கேள்விதான் கேட்பார்.

ஊர் பேசியதை நீ துடைத்துப் போட்டிருப்பாய். நீ பெற்ற மகள் விமலாதான் உன்னை முறித்தாள். அப்பனின் குடியைப் பார்த்துப் பார்த்து வெறுத்த பிள்ளை. அம்மாவும் அப்படித்தான் என்று ஊரே சொன்னதும் அவளுக்குப் பிடிப்பு விட்டுப்போயிற்று. தீபாவளிக்கு நான் வந்திருந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்க, நீ அவளைக் கூப்பிட்டு வாயைத் திறந்து காட்டினாய். "மோந்து பாருடி. நீயே பாத்துச் சொல்லு." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். நீ திறந்த வாயை மூடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகுதான் அந்தத் தேத்தண்ணி. எங்கே போனாலும் கையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ். கோயிலுக்கு, கல்யாண வீட்டுக்கு, விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்குக்கூட. உள்ளே இருப்பதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று கண்ணாடி. டின்பால் தடிமனாக ஊற்றி, சீனியும் போட்டு. "பாத்துக்கங்க, நான் குடிக்கிறது இதுதான்" என்று தூக்கிக் காட்டுவாய். அது தீர்ந்ததும் இன்னொன்று. உனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, இருப்பதாகச் சொன்னது அதற்கு அடுத்த வருஷம். அதற்குத் தனியாக மாத்திரை கொடுத்தார்கள். ஈரலுக்குத் தனியாக, சாராயத்தை விடு என்றார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச அன்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. விடுவதற்கு உன்னிடம் சாராயம் இல்லை. இருந்ததெல்லாம் அந்தத் தேத்தண்ணிதான். அதைக் குடித்தால் நல்லவள் என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் இரண்டாவது துணுக்கு வந்தது. இந்த முறையும் நான்தான் செய்தேன். பொடித்துளிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்திருந்தன. ஒரு செல்லுக்கு ஒரே துளி, செல் முழுக்க அதுதான். கரு நசுங்கி ஓரத்தில் ஒட்டிக்கிடந்தது. செல்களுக்கு இடையில், ரப்பர் மரத்து வெட்டுக்காயத்தில் காய்ந்துகிடக்கும் ஒட்டுப்பால் மாதிரி, தழும்பு நார் நாராக ஓடியிருந்தது. துளிகள் சுருங்கலாம். அந்த நார்கள் அவ்வளவு சுலபத்தில் விடாது. கண்ணாடியைத் துடைத்து மற்ற கண்ணாடிகளோடு வைத்துவிட்டு, அடுத்த ஆளுடைய துணுக்கை எடுத்தேன்.

நீ போனபோதும் நான் அழவில்லை. மாமாதான் அழுதார், நன்றாக ஊற்றிக்கொண்டு வந்து. "சொன்னேன், கேக்கல. குடிச்சே போயிட்டா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார். யாரும் மறுக்கவில்லை. விமலா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாமா அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார், கள்ளும் கையுமாக. எனக்கு அவர்மேல் கோபமும் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

விமலா படித்து, ஜெலாப்பாங்கில் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே கட்டிக்கொண்டு போனாள். நல்ல பிள்ளை, என்னைக் கைவிட்டதில்லை. உன் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து போய்விடுவாள். இருமல் மருந்தைக்கூட மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் குடிக்கமாட்டாள். அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது யாரோ பிராந்தி வாங்கி வந்தார்கள். போத்தலை வாசலோடு திருப்பி அனுப்பினாள். நான் அவளிடம் உனக்காகப் பேசிய தடவைகள் உண்டு. "விடுங்க சின்னம்மா, செத்தவங்களப் பத்தி எதுக்கு" என்பாள்.

போன வாரம் அவள் போன் செய்தாள். வயிறு உப்புசமாக இருக்கிறது என்று டாக்டரிடம் போயிருக்கிறாள். ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள்.

"ஈரல்ல கொழுப்பு இருக்காம் சின்னம்மா. டாக்டர் சாதாரணமா சொல்றாரு, இது இப்ப பாதிப் பேருக்கு இருக்கு லா, சீனியக் கொறைங்க, வெயிட்டக் கொறைங்கன்னு."

"சரிம்மா."

"நான் ஒரு சொட்டு தொட்டதில்லையே."

"தெரியும்மா."

எடுத்துக்கொடுக்க எனக்கு வாய் வரை வந்தது. அதை அவளேதான் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன்.

"அப்ப அம்மா..." என்றாள்.

மறுநாள் சிலிபினில் என் வீட்டுக்கு நேரிலேயே வந்தாள். உன் இரண்டு கண்ணாடிகளையும் பற்றி அவளுக்குச் சொன்னேன். மருத்துவமனையில் அவற்றை எப்போதோ கழித்துப் போட்டிருப்பார்கள். ஆனால் எனக்கு இன்னும் கண்ணை மூடினால் ஒவ்வொரு வட்டமும் எந்த இடத்தில் இருந்தது என்று தெரியும். அதை இத்தனை காலம் எதற்காகச் சுமந்தேன் என்று எனக்கே புரிந்ததில்லை. விமலா, உனக்கு இப்போதைக்குக் கொழுப்பு மட்டும்தான், டின்பாலை நிறுத்து, சாயங்காலம் நட, கரைந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன். உனக்குச் சொல்ல அன்று ஆள் இல்லாத வார்த்தைகள். அவள் என் மடியில் தலை வைத்து, வயசுக்கு வந்த பேரப்பிள்ளை இருக்கிறவள், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். எனக்கு வரவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேட்டாள், "இத இனிமே அம்மாகிட்ட எப்படிச் சொல்றது சின்னம்மா?"

அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா, விமலா உன்னை நம்பிவிட்டாள்.